துருவப் பகுதிக்கு வேலைக்குப் போக நினைக்கும் மகளின் அம்மாவுக்கு

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மகள் எலக்ட்ரானிக்ஸ் இரண்டாம் ஆண்டு, அண்டார்டிகாவில் தானியங்கி வானிலை நிலையங்களைப் பராமரிக்கும் வேலைக்குத்தான் போவேன் என்கிறாள், ஒரு வருஷம் பனியில் தனியாகக் கிடக்கப் போகிறாளே என்று உங்களுக்குத் தூக்கம் வரவில்லை. முதலில் அந்தப் பயத்தையே எடுத்துக்கொள்வோம்.

தானியங்கி நிலையம் என்பதே மனிதர் தங்க முடியாத இடத்துக்காக வந்ததுதான். ஒரு கம்பம், அதில் வெப்பம், காற்று, அழுத்தம், ஈரப்பதம் அளக்கும் சென்சார்கள், அவற்றின் அளவுகளைப் பதிந்து வைக்கும் ஒரு டேட்டா லாகர், பேட்டரிப் பெட்டி, சோலார் பேனல், செயற்கைக்கோளுக்குத் தகவல் அனுப்பும் ஆன்டெனா, அவ்வளவுதான். அதைப் பார்த்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் அங்கே கோடையான நவம்பர் முதல் பிப்ரவரி வரையில் ஏதாவது ஒரு தளத்தில் தங்கி, சிறிய விமானத்திலோ ஹெலிகாப்டரிலோ குழுவாகப் போய்த் திரும்புவார்கள். கிளம்புவதற்கு முன்பே மருத்துவப் பரிசோதனை (பல் உட்பட), முதலுதவி, பனிப்பிளவில் விழுந்தவரை மீட்கும் பயிற்சி எல்லாம் உண்டு. ஆனால் ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். கிரீன்லாந்தில் இப்படி ஒரு நிலைய வலையமைப்பையே உருவாக்கிய கொன்ராட் ஸ்டெஃபன், பல ஆண்டு அனுபவம் உள்ளவர், 2020 ஆகஸ்டில் தன் முகாமுக்கு அருகிலேயே ஒரு பனிப்பிளவில் விழுந்து இறந்தார். இதை மகளிடமும் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம்.

சரி, வேலை எப்படிப்பட்டது? பெரும்பகுதி மண்வெட்டி வேலை, அம்மா. ஒவ்வொரு வருஷமும் பனி குவிந்து கம்பத்தை விழுங்கிக்கொண்டே வரும். தோண்டி, பேட்டரிப் பெட்டியை மேலே எடுத்து, கம்பத்தின் உயரத்தைக் கூட்ட வேண்டும். குளிரில் பேட்டரியின் திறன் குறையும், சார்ஜ் இறங்கிப்போன லெட் ஆசிட் பேட்டரி உறைந்தே போய்விடும். மாதக்கணக்கில் சூரியன் எட்டிப்பார்க்காத காலத்தையும் அது தாண்டியாக வேண்டும். கேபிளின் மேலுறை விறைத்து, வளைத்தால் வெடிக்கும். காற்றுமானியில் உறைபனி படிந்து அது சுற்றாமல் நின்றால், காற்றே இல்லை என்று தகவல் போகும். அது பொய் என்று கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். கையுறையைக் கழற்றி ஒரு சின்ன ஸ்க்ரூவை மாட்டுவதற்குள் விரல் மரத்துவிடும். வானிலை மாறினால் விமானி கிளம்பச் சொல்வார், அடுத்த தடவை வருவது ஒரு வருஷமோ அதற்கும் மேலோ கழித்து. அதனால் கனெக்டர் முதற்கொண்டு எல்லாவற்றையும் ஆய்வகத்திலேயே பொருத்தி, குளிர் அறையில் சோதித்துவிட்டுத்தான் எடுத்துப் போவார்கள்.

இந்த வேலையின் மதிப்பு புரிய ஒரு விஷயம் சொல்கிறேன். 1991 டிசம்பர் 22 அன்று கிரீன்லாந்தின் பனிமேட்டில் கிளிங்க் என்ற தானியங்கி நிலையம் மைனஸ் 69.6 டிகிரி செல்சியஸைப் பதிவு செய்தது. அங்கே ஆள் யாரும் இல்லை. ஏறக்குறைய 29 வருஷம் கழித்து, 2020இல்தான் உலக வானிலை அமைப்பு அதை வடக்கு அரைக்கோளத்தின் மிகக் குறைந்த வெப்பநிலையாக ஏற்றுக்கொண்டது. அதற்கு முன், நிலையத்தை நடத்திய பழைய விஞ்ஞானிகளைத் தேடிப் பிடித்து, கருவி எப்படிச் சரிபார்க்கப்பட்டது என்பதுவரை ஆராய்ந்தார்கள். எந்தக் கருவியை என்றைக்கு மாற்றினோம், காலிபரேஷன் (கருவியின் அளவைச் சரியான அளவோடு ஒப்பிட்டுச் சரிசெய்வது) எவ்வளவு விலகியிருந்தது என்று எழுதி வைக்காத நிலையத்தின் எண்ணை யார் நம்புவார்கள்? நான் மாணவர்களிடம் முதலில் பார்ப்பது மதிப்பெண்ணை இல்லை, இந்தக் குறிப்பு எழுதும் பழக்கத்தை.

அப்புறம் வருமானம். இந்தப் பணியிடங்கள் குறைவு, பல இடங்களில் சீசன் ஒப்பந்தம்தான். அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகம் 1980இலிருந்து அண்டார்டிகாவில் இப்படிப்பட்ட நிலையங்களை நடத்துகிறது, டென்மார்க்கின் புவியியல் ஆய்வு நிறுவனம் 2007 முதல் கிரீன்லாந்தில். இதை மட்டுமே நம்பிப் படிக்கச் சொல்லமாட்டேன். ஆனால் அவள் கற்கப்போவது சென்சார், லாகர், குறைந்த மின்சாரத்தில் ஓடும் சர்க்யூட், காலிபரேஷன். விமான நிலைய வானிலைக் கருவிகள், கடல் மிதவைகள், அணைகள், காற்றாலைகள் எல்லாவற்றுக்கும் இதே கைதான் வேண்டும். துருவம் கிடைக்காமல் போனாலும் படிப்பு வீணாகாது. எலக்ட்ரானிக்ஸை விட்டுவிட்டு வானிலை அறிவியலுக்கு மாறச் சொல்லாதீர்கள், வானிலையைப் பக்கத்திலேயே படித்துக்கொள்ளலாம்.

அவளுக்கு நான் தரும் வேலை இது. வெப்பநிலை அளக்கும் ஒரு சின்ன லாகரை அவளே செய்து, பேட்டரியும் சோலாரும் போட்டு, வெளியில் வைத்து ஆறு மாதம் கை வைக்காமல் விட வேண்டும். நின்றுபோனால் ஏன் நின்றது என்று தேதியோடு ஒரு நோட்டில் எழுத வேண்டும், திருத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து. அந்த நோட்டோடு என்னை வந்து பார்க்கச் சொல்லுங்கள், எந்த நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று அப்போது உட்கார்ந்து பேசுவோம். நீங்களும் கூட வாருங்கள்.