அப்பா சிரிக்கிறார், மகன் சிரிக்கவில்லை

கேள்வி: ஹாஸ்டல் நாட்களில் தேய்ந்துபோன கேசட்டில் 'அப் இன் ஸ்மோக்' என்ற அமெரிக்கக் காமெடிப் படம் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தவன் நான். போன வாரம் 22 வயது மகனோடு அதைத் திரும்பப் பார்த்தேன். அவன் ஒரு இடத்தில்கூடச் சிரிக்கவில்லை. "இதுல என்னப்பா காமெடி? கஞ்சாதான் நம்ம தெருமுனைக் கடையிலயே விக்கிறாங்களே" என்கிறான். படம் பழசாகிவிட்டதா, நானா? அவன் அந்தக் கடைக்குப் போகிறானோ என்று வேறு பயம். நாங்கள் இன்னும் கிரீன் கார்டில்தான் இருக்கிறோம்.
- பெயர் வேண்டாம், சான் ஹோசே, கலிஃபோர்னியா

பதில்: பாதிப் பதிலை உங்கள் மகனே சொல்லிவிட்டார். அந்தப் படத்தின் உயிர் கஞ்சா இல்லை, போலீஸ் பயம். முழுக்கக் கஞ்சாவாலேயே செய்த வேனை, அது என்னவென்றே தெரியாமல் மெக்சிகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு ஓட்டி வருகிறார்கள் படத்தின் நாயகர்களாக நடித்த சீச் மரினும் டாமி சோங்கும். பிடிக்கக் கிளம்பிய போலீஸ் சார்ஜென்ட் ஸ்டெடென்கோவுக்கோ மூக்குக்கு முன்னால் இருப்பது தெரியவில்லை. படம் வந்தது 1978ல். அதற்கு எட்டு வருடம் முன்பு வந்த அமெரிக்க மத்திய சட்டம் கஞ்சாவையும் ஹெராயினையும் ஒரே பட்டியலில் வைத்திருந்தது, தியேட்டரில் சிரித்தவர்களில் எத்தனையோ பேர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சிரித்திருப்பார்கள். நீங்களும் ஒரு காதை வார்டன் வரும் கதவுப் பக்கம் வைத்துக்கொண்டுதானே சிரித்தீர்கள்? கலிஃபோர்னியா 2016ல் ஓட்டுப் போட்டு அனுமதித்து, 2018 ஜனவரி 1 முதல் கடையில் விற்கிறது. அடையாள அட்டையைக் காட்டி வரிசையில் நின்று, வரியும் கட்டி வாங்கும் தலைமுறைக்கு அந்தத் துரத்தலில் என்ன இருக்கிறது சொல்லுங்கள்.

பெண்களை வைத்துச் செய்யும் ஜோக்குகள் எனக்கும் இப்போது முகம் சுளிக்க வைக்கின்றன, அதில் மகன் பக்கம்தான் நான். ஆனால் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் மெக்சிகோ வம்சாவளிப் பையனாக சீச் பேசுவதும் நடப்பதும் காரை அலங்கரித்து வைத்திருப்பதும் கொஞ்சமும் மங்கவில்லை. 2024ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. அரசாங்கமே எடுத்துப் பூட்டி வைத்த கஞ்சாப் படம்!

சரி, மகனிடம் படம் நல்லதா கெட்டதா என்று வாதாடாதீர்கள், டாமி சோங்குக்கு என்ன ஆனது என்று சொல்லுங்கள். 2003ல், 65 வயதில், அவரை ஒன்பது மாதம் மத்திய சிறைக்கு அனுப்பினார்கள். கஞ்சா விற்றதற்குக்கூட இல்லை, புகைக்கும் கண்ணாடிக் குழாய்களைத் தபாலில் விற்றதற்கு. தண்டனை கேட்ட அரசுத் தரப்பு அவருடைய பழைய படங்களையும் சேர்த்தே இழுத்தது. கலிஃபோர்னியாவில் மருத்துவக் கஞ்சாவுக்கு 1996லேயே அனுமதி வந்துவிட்டது, மாநிலம் ஒன்று சொல்ல மத்திய அரசு வேறு சொன்னது.

அந்த இழுபறி இன்னும் முடியவில்லை, உங்கள் வீட்டுக்கு அதுதான் முக்கியம். குடியுரிமை கொடுப்பது மாநிலம் இல்லை. மாநிலத்தில் சட்டப்படி வாங்கிப் புகைத்தாலும், அந்தக் கடையில் வேலைக்கே சேர்ந்தாலும், குடியுரிமை மனுவில் 'நன்னடத்தை' இல்லை என்று நிராகரிக்கலாம் என 2019ல் குடியேற்றத் துறை எழுதியே வைத்தது. பக்கத்து வீட்டு அமெரிக்கப் பையனுக்கு அந்தக் கடை வெறும் கடை, உங்கள் மகனுக்கு அப்படி இல்லை. போனாயா என்று குடையாமல் இதை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள், 22 வயதுக்காரருக்கு உபதேசத்தைவிட இது ஏறும். ஏற்கெனவே போயிருந்தால் மனுவில் பொய் எழுத வேண்டாம், நிரப்புவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள். வெளிநாட்டுப் பயணம் இருந்தால் அதற்கும் முன்பே.

அப்புறம், அடுத்த தடவை படத்தை வேன் வரும் இடத்திலிருந்து போடுங்கள். அதற்கு முந்தைய பகுதி எனக்கே இழுவைதான்.