முகாமும் தேதியும் (கடிதம்)

அன்புள்ள அண்ணா,

திருச்சியில் சமூகப்பணி முதுகலை படிக்கிறேன். களப்பணிக்காக ஓர் இலங்கைத் தமிழர் முகாமுக்குப் போய்வருகிறேன். போரினால் வந்த மனப் பாதிப்புதான் என் ஆய்வேட்டின் தலைப்பு. ஆனால் யாரும் போரைப் பற்றிப் பேச மாட்டேன் என்கிறார்கள். ஒரு அம்மா ஒரு மணி நேரம் செக்கிங் (முகாமில் அதிகாரிகள் ஆள் இருக்கிறாரா என்று சரிபார்ப்பது) பற்றியும் பதிவு பற்றியுமே பேசிக்கொண்டிருந்தார். வந்து முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டதால் காயம் ஆறிவிட்டதா, இல்லை அடக்கி வைத்திருக்கிறார்களா? அவர்களைப் பேச வைப்பது எப்படி? என்ன படிக்கலாம்? அவர்களை அகதிகள் என்று சொல்லலாமா?

கே.

அன்புள்ள கே.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். 2021இல் தமிழ்நாடு அரசே அகதிகள் முகாம் என்பதை மறுவாழ்வு முகாம் என்று மாற்றிவிட்டது. அந்த அம்மாவை எப்படிக் கூப்பிடுவது என்று அவரிடமே கேளுங்கள். படிப்பதற்கு, யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் எழுதியவற்றில் கைக்குக் கிடைப்பதிலிருந்து தொடங்குங்கள். போர் தனி ஆளின் மனதை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே குலைக்கிறது என்று விடாமல் சொல்லி வந்தவர் அவர்.

ஆனால் 'பேச வைப்பது எப்படி' என்று கேட்டீர்களே, அதைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. அவர்கள் என்ன கிணறா, நீங்கள் வாளியை விட்டு இறைக்க? அந்த அம்மா ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார். நீங்கள்தான் காதில் வாங்கவில்லை. துப்பாக்கி, குண்டு, படகு என்று ஏதாவது வரும் என்று பேனாவோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். அவர் செக்கிங் பற்றிப் பேசியதும் பேனாவை மூடிவிட்டீர்கள்.

என்னோடு பள்ளியில் படித்த நண்பன் ஒருவன் முகாமில் இருக்கிறான். பெயிண்டர். அவன் பெற்றோர் 1985இல் முதல் தடவை படகேறி வந்தார்கள். அடுத்த வருடம், ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மண்டபம் என்ற ஊரின் முகாமில் அவன் பிறந்தான். 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு, இனி பயமில்லை என்று நம்பி மன்னாருக்குத் திரும்பினார்கள். 1990இல் மறுபடியும் சண்டை, மறுபடியும் படகு, மறுபடியும் மண்டபம். அங்கிருந்து எங்கள் ஊர் முகாமுக்கு அனுப்பினார்கள். தங்கை பிறந்தது 1991இல், அந்த முகாமில்.

பத்துக்குப் பத்து அறை. ஆணியில் ஒரு மஞ்சள் பை தொங்கும். பதிவுத் தாள், குடும்ப அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், எல்லாம் அதற்குள். ஒரு ஐப்பசி மழையில் கூரை ஒழுகி அந்தப் பை நனைந்துவிட்டது. நான் போனபோது அவனுடைய அம்மா ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பாயில் பரப்பி, பறக்காமல் இருக்க மேலே டம்ளர்களைக் கவிழ்த்து வைத்து, பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். துணிமணி, அரிசி எல்லாம் ஒரு மூலையில் ஈரத்தோடு கிடந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வாசலில் முருங்கைக் கிளை ஒன்றை நட்டு வைத்திருந்தார். தென்னம்பிள்ளை ஒன்று வைக்கலாமே அம்மா என்று கேட்டேன். "தென்னை காய்க்க அஞ்சாறு வருசம் செல்லும் தம்பி, அதுக்குள்ள நாங்கள் ஊருக்குப் போயிடுவம்" என்றார். அப்போது நான் எட்டாம் வகுப்பு. இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். முருங்கை ஒடிந்தால் வேறு கிளை நடுவார். தென்னை வைக்கவே இல்லை.

காலம் காயத்தை ஆற்றும் என்று ஊரில் சொல்வது பொய்யில்லை. ஆனால் எல்லாருக்கும் அது ஒன்றுபோல நடக்காது. நடந்த கொடுமைக்குப் பிறகு வேறொரு வாழ்க்கை தொடங்கினால்தான் அந்தக் கொடுமை பழசாகும். நீங்களும் நானும் இருபது வருடத் தவணையில் வீட்டுக் கடன் வாங்குகிறோம். இருபது வருடம் இங்கேதான் இருப்பேன் என்று நமக்கும் தெரியும், வங்கிக்கும் தெரியும். நண்பனுக்கு அது கிடையாது. அவனுக்குக் கிடைத்த பாதுகாப்பு அந்தந்த மாதத்துக்கானது. அரசு தரும் உதவித்தொகையான பணக்கொடை மாதா மாதம். செக்கிங் நாளன்று ஆள் நேரில் நிற்க வேண்டும். பொள்ளாச்சியில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவன், செக்கிங் என்று பாதியில் ஓடி வந்தான். திரும்பிப் போவதற்குள் மேஸ்திரி வேறு ஆளைப் போட்டுவிட்டார்.

தமிழ்நாடு அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லவில்லை. அரிசி தந்தது, பள்ளியில் சேர்த்தது. 2021இல் குடும்பத் தலைவருக்கான பணக்கொடையை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக்கி, 7,469 வீடுகள் கட்டுவதாகவும் அறிவித்தது. சரி, நல்ல காரியம்தான். ஆனால் புது வீட்டுக்குள் இருப்பவரும் அரசின் கண்ணில் வெளிநாட்டவரே.

இந்தத் தேதிக் கணக்கை நீங்கள் எழுத வேண்டும், கே. அகதிகளுக்கான உலகச் சட்டமே தேதியில்தான் தொடங்கியது. 1951 உடன்படிக்கை, அந்த வருடம் ஜனவரி 1க்கு முன் நடந்தவற்றால் ஓடி வந்தவர்களுக்கு மட்டும்தான். 1967இல்தான் அந்த வரம்பை எடுத்தார்கள். ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்கு முதலில் கொடுத்த ஆயுள் மூன்றே வருடம். நீட்டித்து நீட்டித்து, 2003இல்தான் கெடுவே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். இந்தியா அந்த உடன்படிக்கையில் இன்றுவரை கையெழுத்திடவில்லை. இங்கே வேறு தேதிகள். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் முதல் அதையும் இறுக்கிவிட்டார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு, அதற்குள் வந்திருக்க வேண்டும் என்று 2014 டிசம்பர் 31 ஒரு தேதி. எந்த நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு என்று அதில் இருக்கும் பட்டியலில் இலங்கையே இல்லை. 2025இல் உச்ச நீதிமன்றத்தில், இந்தியா ஒன்றும் தர்ம சத்திரம் அல்ல என்று ஒரு நீதிபதி சொன்னார். சத்திரத்தில் மூன்று தலைமுறை யாராவது குடியிருப்பார்களா?

இப்போது நண்பனையும் தங்கையையும் பாருங்கள். ஒரே தாய் வயிறு. அவன் 1986, சட்டப்படி இந்தியன். அவள் 1991, சட்டப்படி இந்தியர் இல்லை. சென்னையில் இருக்கும் இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதியாதவரை இலங்கைக் குடிமகளும் இல்லை. அவனுக்கும் வாழ்க்கையில் ஒன்றும் மாறிவிடவில்லை. முப்பத்தைந்து வயது வரை அவனுக்கே இது தெரியாது. தெரிந்துகொண்டு போனால், ஓர் அலுவலகத்தில் 'முகாம் அட்டைதான் இருக்கே' என்று திருப்பி அனுப்பினார்கள். இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்திலிருந்து வந்த இந்திய வம்சாவளித் தமிழர்களும் முகாம்களில் கணிசமாக இருக்கிறார்கள். அவர்கள் கணக்கு 1948இல் இலங்கை அவர்கள் குடியுரிமையைப் பறித்ததிலிருந்து தொடங்குகிறது. அதை எழுதினால் இந்தப் பதில் முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த அம்மா குண்டுவீச்சைப் பற்றிப் பேசாமல் செக்கிங் பற்றிப் பேசுவதை 'அடக்கி வைப்பது' என்று எழுதப்போகிறீர்களா? குண்டு விழுந்தது அன்றைக்கு. செக்கிங் இந்த மாதமும் உண்டு.

கோபமாக எழுதிவிட்டேனோ என்னவோ. முகாமுக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்து கேட்கத் தோன்றுகிறதே, உங்கள் வயதில் அதுவே பெரிய விஷயம். அடுத்த முறை போகும்போது கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். யார் யார் எங்கே, எந்தத் தேதியில் பிறந்தார்கள், பிறப்புச் சான்றிதழ் பத்திரமாக இருக்கிறதா என்று கேளுங்கள். 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர் யாராவது இருந்தால், 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அப்படிப்பட்ட ஒருவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னதை அவரிடம் சொல்லுங்கள். இலவச சட்ட உதவி மையத்துக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். அந்த வேலையில் ஆய்வேடு ஒரு மாதம் தள்ளிப்போனால் போகட்டும். பேராசிரியர் திட்டினால் என் பெயரைச் சொல்லுங்கள்.