மாத்திரை மலிவுதான், பிறகு ஏன் ஏழைகளுக்கு உயர் ரத்த அழுத்தச் சிகிச்சை தொடர்வதில்லை?
ரத்தம் ஓடும்போது குழாயின் சுவரை அழுத்தும் விசை, வேறு வேறு நாட்களில் அளந்தும் 140/90-க்குக் கீழே (முதல் எண் இதயம் சுருங்கும்போது, இரண்டாவது அது தளரும்போது உள்ள அழுத்தம்) வராவிட்டால் அது உயர் ரத்த அழுத்தம்.

வலி இல்லாததுதான் முதல் சிக்கல். கரையான் அரிக்கும் மரம் போல வெளியே ஒன்றும் தெரியாது. தெரியாத நோய்க்காக ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி, வரிசையில் நின்று, ‘மருந்து ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க’ என்ற பதிலோடு திரும்பியவர் மறுபடி போவாரா? மாத்திரை இலவசமாக இருக்கலாம், அந்த நாள் இலவசமில்லை. இதை அலட்சியம் என்று திட்டுவது அநியாயம். இரண்டு மூன்று மாத மாத்திரையை ஒரே தடவையில் கொடுத்தாலே அலைச்சல் பாதி குறையும்.

அப்புறம், அளவு சரியாகிவிட்டது என்று பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சரியாக இருப்பதே பெரும்பாலும் அந்த மாத்திரையால்தான், டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் மறுபடி ஏறும்.