கூரையில் ராக்கெட் துண்டு விழுந்தால்?

கேள்வி: செயற்கைக்கோள், ராக்கெட் துண்டுகள் வீடுகள்மேல் விழுவதாகச் செய்திகள் வருகின்றன. என் வீட்டில் விழுந்தால் நட்டஈடு யார் தருவார்கள்? விழுந்ததை நானே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: முதலில், அதைத் தொடாதீர்கள். எரிபொருள் தொட்டியாக இருந்தால் உள்ளே ஹைட்ரஸின் மிச்சம் இருக்கலாம். கடுமையான நஞ்சு அது. தள்ளி நின்று படம் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். காயலான் கடைக்கும் போடக் கூடாது. கீழே விழுந்தாலும் பொருள் பழைய உரிமையாளருக்கே சொந்தம் என்கிறது 1967 விண்வெளி உடன்படிக்கை.

சரி, நட்டஈடு. 1972 பொறுப்புடைமை உடன்படிக்கை இதில் நம் பக்கம் நிற்கிறது. தரையில் சேதம் என்றால், ஏவிய நாடு தவறு செய்தது என்று நிரூபிக்கவே தேவையில்லை. ஏவியது தனியார் நிறுவனமானாலும் அந்த நாடுதான் பொறுப்பு. ஆனால் இந்த வழியில் நீங்கள் நேரடியாகக் கேட்க முடியாது. உங்கள் அரசு, தூதரக வழியில், ஓராண்டுக்குள் கேட்க வேண்டும். அதனால் படம், பழுதுபார்த்த ரசீது, காவல்துறைப் புகார் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள்.

கேட்டதெல்லாம் கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம். 1978 ஜனவரியில் அணு உலையோடு பறந்த சோவியத்தின் காஸ்மோஸ் 954 செயற்கைக்கோள் வட கனடாவில் விழுந்தது. பனிக்காட்டில் கதிர்வீச்சுத் துண்டுகளைத் தேடி எடுத்த செலவுக்காகக் கனடா கேட்டது சுமார் 60 லட்சம் கனடிய டாலர். 1981இல் பேசி முடித்தது 30 லட்சத்துக்கு.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. சொந்த நாட்டின் பொருள் சொந்தக் குடிமகன் வீட்டில் விழுந்தால் இந்த உடன்படிக்கை பொருந்தாது. 2024 மார்ச்சில் ஃபுளோரிடாவின் நேப்பிள்ஸ் நகரில் ஒரு வீட்டுக் கூரையைத் துளைத்துக்கொண்டு ஓர் உலோக உருளை உள்ளே வந்தது. பத்து சென்டிமீட்டர் உயரம், எடை முக்கால் கிலோகூட இல்லை. பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து 2021இல் கழித்துவிட்ட, பழைய பேட்டரிகளை ஏற்றிய சரக்குத் தட்டின் ஒரு பாகம் அது. வளிமண்டலத்திலேயே எரிந்துவிடும் என்று நாசா கணக்கிட்டிருந்தது. வீட்டில் அப்போது மகன் இருந்தான், நல்லவேளை, அடிபடவில்லை. அந்தக் குடும்பம் நாசாவிடம் 80,000 டாலருக்கு மேல் கேட்டது, அதுவும் உள்நாட்டுச் சட்டத்தின்படி. அதே துண்டு வேறொரு நாட்டில் விழுந்திருந்தால் அமெரிக்கா மறுபேச்சின்றிப் பொறுப்பாகியிருக்கும். தன் மக்களுக்கு மட்டும் குறைந்த பாதுகாப்பு என்பது நியாயமே இல்லை. ஒவ்வொரு நாடும் உள்நாட்டுச் சட்டத்தில் இதைச் சரிசெய்தாக வேண்டும்.

அதுவரை, உங்கள் வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து, வெளியிலிருந்து வந்து மோதும் பொருளால் வரும் சேதம் அதில் அடங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.