வெளியிலிருந்து கலைஞர்கள் வந்து நடத்தும் ஓவிய, கவிதைச் செயலமர்வுகளால் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பயன் உண்டா?

கேட்டவர் கொழும்பில் ஒரு சிறிய கலைஞர் குழுவில் இருக்கிறார். ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் இரண்டு நாள் செயலமர்வு நடத்த விருப்பமாம். பிள்ளைகளுக்கு இதில் ஏதாவது கிடைக்குமா, எங்கள் மனத்திருப்தியோடு முடிந்துவிடுமா, என்னென்ன சாமான் கொண்டுவர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

பயன் உண்டு. எல்லாச் செயலமர்விலும் இல்லை. நான் அந்தப் பக்கத்தில்தான் தமிழ் படிப்பிக்கிறேன். வளவாளர் (செயலமர்வு நடத்துபவர்) என்று வந்த ஓவியர்களோடும் கவிஞர்களோடும் பல தடவை பக்கத்திலிருந்து வேலை செய்திருக்கிறேன். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: வந்தவர் வேனில் ஏறிப் போன பிறகு, அடுத்த கிழமை அதே வேலையைப் பிள்ளைகள் காசு செலவில்லாமல் தாங்களாகவே செய்ய முடியுமா?

இதனால்தான் அக்ரிலிக் பெட்டியும் கன்வஸும் கட்டிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் சலிப்பு. மனசு நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒருமுறை தரம் 8 பிள்ளை ஒன்று நீல நிற டியூபைத் திறந்து அரிசி அளவுக்குப் பிதுக்கி, அதைத் தண்ணீரில் கரைத்துக் கரைத்தே வானம் முழுவதையும் பூசி முடித்தாள். மூடியை இறுக்கித் திருகிப் பெட்டிக்குள் பழையபடி அடுக்கி வைத்தாள். முடிந்துபோய்விடுமே என்ற பயம் இருக்கும்போது கை எப்படி ஓடும்? மிஞ்சிய பெட்டிகள் அலுமாரிக்குப் போயின. ஆய்வுக்கு யாராவது வந்தால் வெளியே வரும்.

இதற்கு நேர்மாறான ஒன்றைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஓர் ஓவியர் கையில் வினாகிரிப் போத்தல் மட்டும்தான் இருந்தது. வருவதற்கு ஒரு கிழமை முன்பே என்னிடம் தொலைபேசியில் சொல்லி, துருப்பிடித்த ஆணிகளை ஒரு ஜேம் போத்தலில் போட்டு, மூழ்கும் அளவுக்கு வினாகிரி ஊற்றி வைக்கச் சொன்னார். மூடியை இறுக்க வேண்டாம், உள்ளே வாயு உண்டாகும், அடைத்து வைத்தால் போத்தல் வெடிக்கும் என்றும் எச்சரித்தார். அன்று காலை பாடசாலைக் குசினியில் டஸ்ட் தேயிலையைச் சுண்டக் காய்ச்சினோம். பிள்ளைகள் முதலில் சாயத்தண்ணியாலேயே படத்தைப் பூசினார்கள். லயத்துச் சுவர் (லயம் என்றால் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு), படிக்கட்டு, வடிகான் எல்லாம் ஒரே பழுப்பு. அது காய்ந்ததும் ஆணித் தண்ணீரைத் தூரிகையில் தொட்டு மேலே வைக்கச் சொன்னார். வைத்த உடனே ஒன்றும் தெரியாது. நாலைந்து மூச்சு விடுவதற்குள் பழுப்பு சாம்பல் நிறமாகி, ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டே வரும். காற்றுப் படப்பட இன்னும் கறுக்கும். தகரக் கூரை வரைந்த பையன் ஒருவன் தாளை மூக்குக்குக் கிட்டப் பிடித்து, தன் கூரை துருப்பிடிப்பதைக் கடைசி வரை பார்த்துக்கொண்டே இருந்தான்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. தேயிலையில் உள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். நம் பழைய ஆட்கள் கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே வழிதான். விஞ்ஞான ஆசிரியை இதை வைத்தே அடுத்த நாள் ஒரு பாடம் எடுத்துவிட்டார். வருடக்கணக்கில் வைத்திருந்தால் இந்த மை தாளை அரிக்கும் என்பதும் உண்மை, ஆனால் ஒரு பிள்ளையின் படத்துக்கு அவ்வளவு ஆயுள் போதும்.

கரிக்கோலும் அப்படித்தான். கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது) முடிந்த மலையில் மிலாறு, அதாவது வெட்டிப்போட்ட குச்சி, எவ்வளவோ கிடக்கிறது, எல்லா வீட்டு அடுப்படியிலும் ஒரு கட்டு இருக்கும். பென்சில் அளவு மெல்லிய குச்சிகளைப் பட்டை சீவி, பழைய பால்மா டின்னில் நெருக்கி அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டு அடுப்புக்குள் வைத்தால் துளை வழியாகப் புகை வரும். புகை நின்றதும் எடுத்து, டின் நன்றாக ஆறிய பிறகு திறக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு எல்லாம் எரிந்து சாம்பலாகிவிடும். வெளிநாட்டில் வில்லோ மரக் குச்சியைச் சுட்டு விற்கிற சாமான் இதுதான். தேயிலைச் சாயத்தையும் தேநீர் வடிகளையுமே ஊடகமாக எடுத்து வேலை செய்த ஹனுஷா சோமசுந்தரம் போன்ற மலையக ஓவியர்களும் நமக்கு இருக்கிறார்கள். அந்த வேலைகளின் படங்களைத் தொலைபேசியிலாவது காட்டுங்கள். நம் ஊரில் ஒருவர் இதைச் செய்து கண்காட்சி வைத்திருக்கிறார் என்று கேட்டால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சரி, இனி எனக்கு மெய்யாகவே எரிச்சல் தரும் விசயத்துக்கு வருகிறேன்.

வருகிறவர்களில் பாதிப் பேர் “உங்கள் வாழ்க்கையை வரையுங்கள், எழுதுங்கள்” என்று தொடங்குவார்கள். உடனே தாளில் கூடை சுமந்த ஓர் அம்மா வந்து நிற்பாள். பின்னால் முக்கோண மலை, இரண்டு மலைக்கு நடுவில் பாதிச் சூரியன். தேயிலைப் பக்கற்றில் அந்த அம்மா சிரிக்கிறாள், பிள்ளையின் தாளில் அழுகிறாள். இரண்டும் எங்கேயோ பார்த்துப் பழகிய படம்தான். கவிதை என்றால் வியர்வை, கண்ணீர், அட்டைக்கடி, இரத்தம், கடைசி வரியில் விடியல். எதற்குப் பரிசு கிடைக்கும் என்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். மலையக மக்கள் வந்து 200 வருடமானதை நினைவுகூர்ந்த 2023-ல், தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடைபயணம் போன அந்த வருடத்தில், இந்த மாதிரிக் கவிதைகளை நான் படித்துக் களைத்துப் போனேன். அந்த நடையில் எனக்கு மரியாதை உண்டு. லயத்துக் கஷ்டமும் சம்பளப் பிரச்சினையும் பொய் இல்லை, பிள்ளைகள் அதை எழுதக்கூடாது என்றும் சொல்ல வரவில்லை. ஆனால் வந்தவர் கண் கலங்கட்டும் என்று எழுதும்போது பிள்ளை தன் வீட்டைப் பார்ப்பதில்லை, வந்தவரின் முகத்தைத்தான் பார்க்கிறது.

மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு கவிஞர் இதை நன்றாகவே கையாண்டார். பிள்ளைகள் அவரை முதல் மணித்தியாலம் “மிஸ்” என்றார்கள், பிறகு “அக்கா” ஆகிவிட்டார். முதல் நாள் கவிதை என்ற பேச்சையே எடுக்கவில்லை. வீட்டிலிருந்து ஏதாவது ஒரு பொருளைக் கொண்டுவரச் சொன்னார். கூடைக் கயிறு, பாக்கு உரல், படங்குத் துண்டு (முரட்டுச் சீலை), செத்துப்போன ரேடியோ என்று வந்தன. பொருளை மேசையில் வைத்து, தாளைப் பார்க்காமல், பென்சிலைத் தாளிலிருந்து தூக்காமல் அதன் ஓரத்தைக் கண்ணால் தடவிக்கொண்டே வரைய வேண்டும். படம் கோணல்மாணலாக வரும், எல்லாரும் சிரிப்பார்கள், அழகாக வரைகிற பிள்ளைக்கும் வரையத் தெரியாத பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் அந்த இடத்திலேயே காணாமல் போய்விடும். பிறகு, வரையும்போது மட்டும் கண்ணில் பட்டது என்ன என்று ஒரு வரி. பிறகு இன்னொரு வரி. வியர்வை, கண்ணீர், விடியல் மூன்றுக்கும் அன்றைக்குத் தடை.

ஒருவன் தாத்தாவின் கவ்வாத்துக் கத்தியைக் கொண்டுவந்திருந்தான் (கடுதாசியில் சுற்றி, அதிபரிடம் சொல்லிவிட்டுத்தான்). வரையும்போது அவன் கண் பிடியில் ஓரிடத்தில் நின்றுவிட்டது. பெருவிரல் அழுந்தி அழுந்தி அந்த இடம் குழிந்திருந்தது. வீட்டில் தினமும் பார்க்கிற கத்தி, அதுவரை அவன் அதைக் கவனித்ததில்லை. அவன் எழுதியது இவ்வளவுதான்:

தாத்தாவின் கத்திப் பிடியில்
ஒரு குழி இருக்கிறது
என் விரல் அதில் சரியாக உட்காரவில்லை
நான் படிக்கிறேன்

கடைசி வரியை வாசித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். தடை செய்த சொல் ஒன்றுகூட இல்லை, சொல்ல வேண்டியது எல்லாம் இருக்கிறது. இன்னொரு பிள்ளை எழுதியது வேறு மாதிரி:

எங்கள் லயத்துக் குழாயில்
முதலில் வருவது தண்ணீர் இல்லை, காற்று
இருமிக்கொண்டே வரும்
அப்பாயி மாதிரி

இது சிரிப்புக்கு எழுதியது. லயத்துப் பிள்ளை சிரிக்கவும் சிரிக்கும் என்பதை வெளியிலிருந்து வருகிறவர்கள் பல நேரம் மறந்துவிடுகிறார்கள்.

ஓவியத்தையும் கவிதையையும் சேர்த்து நடத்துவதன் பலன் இங்கேதான் என்று நினைக்கிறேன். தனியாகக் கவிதை என்றால் பிள்ளை பாடப் புத்தகத்துக்கு ஓடும், தனியாகச் சித்திரம் என்றால் போன வருடப் போட்டிப் படத்துக்கு ஓடும். கையில் ஒரு பொருளைக் கொடுத்து முதலில் வரைய வைத்து, அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுத வைத்தால் இரண்டுக்கும் ஓட நேரம் இருக்காது.

அப்புறம், உங்கள் குழுவில் கவிஞர் இருந்தால் ஒரு விண்ணப்பம்: தோட்டத்தில் உள்ள பெரியவர்களையும் கூப்பிடுங்கள். மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) ஆங்கிலத்தில் கவிதை எழுதிய ஆள், ஆனாலும் லயங்களில் பாடிய பாட்டுகளைத் தேடித் தொகுத்தார். தொகுத்தாயிற்று என்று பாட்டு முடிந்துவிடவில்லை. எங்கள் செயலமர்வு ஒன்றுக்கு வந்த ஒரு பாட்டியைப் பாடச் சொன்னால், கோப்பி பறிக்கிற பாட்டைப் பாடுகிறார்! 1869-ல் கோப்பிச் செடியில் இலைநோய் கண்டு, அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் பெரும்பாலும் தேயிலைக்கு மாறிவிட்டன. பாடியவரின் அம்மாகூடக் கூலிக்குக் கோப்பி பறித்திருக்க மாட்டார். பிள்ளைகளுக்கு ஒரே ஆச்சரியம். யாரோ ஒரு பையன் ஓடிப்போய் வீட்டுத் தோட்டத்திலிருந்து பழத்தோடு ஒரு கோப்பிக் கிளையை ஒடித்துக்கொண்டு வந்தான். அன்று பின்னேரம் அதைத்தான் எல்லாரும் வரைந்தார்கள். சரித்திரப் பாடத்தில் ஒரு வரியாக ஓடிப்போகிற சங்கதி அன்றைக்கு மேசை மேல் கிடந்தது.

மாசி மாதம் காமன் கூத்து ஆடுகிற அண்ணன்மார், தப்பு மேளம் அடிக்கிறவர்கள், திருவிழாத் தேருக்குச் சோடனை செய்கிறவர்கள் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களையும் வளவாளராகவே அழைக்க வேண்டும், கொடுப்பனவும் சமமாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து வந்தவருக்குக் கடித உறையில் காசு, தப்பு அடித்தவருக்குச் சோற்றுப் பார்சல் என்று நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளும் பார்த்தார்கள்.

மொழி விசயம்: சிங்கள ஓவியர்கள் வந்தால் பிரச்சினை இல்லை, கை காட்டினாலே பாதி விளங்கிவிடும், மீதிக்கு நாங்கள் இருக்கிறோம். கவிதை அப்படி இல்லை, நடுவில் ஒருவர் மொழிபெயர்த்துக்கொண்டு நின்றால் பிள்ளைகள் எழுதுவதை விட்டுவிட்டு அவரைப் பார்ப்பார்கள். கவிதைக்குத் தமிழ் ஆள்தான் வேண்டும். அந்தத் தமிழ் ஆளும் பெரட்டு, மிலாறு, இஸ்டோரு என்று தோட்டத்துப் பேச்சில் பிள்ளை எழுதியதைச் சிவப்பு மையால் திருத்தாத ஆளாக இருக்க வேண்டும். திருத்துகிற வேலைக்கு நான் சம்பளம் வாங்குகிறேன், பரீட்சைக்கு முன் பார்த்துக்கொள்கிறேன்.

நடைமுறை விசயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் அதிபரிடம் பேசுங்கள், வலயக் கல்வி அலுவலக அனுமதிக்கு அவரே வழி சொல்வார். மலைக்குள் இறங்கி வரைவதென்றால் தோட்ட நிர்வாகத்திடமும் கேட்க வேண்டும். தரம் 5-ஐயும் 11-ஐயும் விட்டுவிடுங்கள், புலமைப்பரிசிலும் சாதாரண தரமும் பெற்றோர் தலையில் இருக்கும். தரம் 8, 9 பிள்ளைகள் சரியான வயது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், அதாவது மே முதல் செப்டெம்பர் வரை, ஹட்டன் பக்கத்தில் சாயம் பூசிய தாள் நாள் முழுக்கக் காயாது. தைப்பொங்கல் கழிந்து வருவது நல்லது. அம்மாமாரையும் சேர்க்க ஆசை என்றால் ஞாயிற்றுக்கிழமைதான் வழி. படம் பிடிப்பதென்றால் பெற்றோரிடம் முன்கூட்டியே கேளுங்கள், பிள்ளையின் சப்பாத்து ஓட்டையைக் கிட்டப் போய் எடுக்காதீர்கள். சான்றிதழ் கொடுப்பதை நக்கலடிக்கும் கலைஞர்கள் உண்டு. தயவுசெய்து கொடுங்கள், அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிற வீடுகள் இருக்கின்றன.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். இரண்டு நாளையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள். நடுவில் ஒரு மாதம் விடுங்கள். போக்குவரத்துச் செலவு இரட்டிப்பாகும், தெரியும். அக்ரிலிக் வாங்குகிற காசு அதற்குச் சரியாக இருக்கும். முதல் நாள் மை காய்ச்சுவது, கரி சுடுவது, தாளைப் பார்க்காமல் வரைவது இவற்றைப் பழக்கிவிட்டு, எங்கள் சித்திர ஆசிரியையிடமும் என்னிடமும் ஒப்படைத்துவிட்டுப் போங்கள். அந்த மாதம் நாங்கள் கிழமைக்கு ஒரு பாடவேளை செய்கிறோம். இரண்டாம் முறை வரும்போது புதிதாக ஒன்றும் கற்பிக்காவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளைகள் நீங்கள் இல்லாத நேரம் செய்துவைத்ததை ஒவ்வொன்றாகப் பார்க்கவே ஒரு நாள் போய்விடும்.