தண்ணீர் லாரியைக் குறைக்க எங்கே தொடங்குவது?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள், 90 பேர். போர்வெல் வற்றிவிட்டதால் தினமும் 9,000 லிட்டர் லாரி இரண்டு வாங்குகிறோம். எல்லாக் குழாய்களிலும் ஏரேட்டர் (குழாய் முனையில் மாட்டி, காற்றைக் கலந்து நீர் வரத்தைக் குறைக்கும் வலை) மாட்டினால் ஒரு லாரி போதுமா?
- சங்கச் செயலாளர், வேளச்சேரி, சென்னை

பதில்: ஏரேட்டர் மட்டும் போதாது. இப்போது ஆளுக்கு 200 லிட்டர் செலவாகிறது. பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்குக் குடிநீர்த் திட்டம் போடும்போது ஆளுக்கு 135 லிட்டர் என்றே கணக்கிடுகிறார்கள். அதன்படி உங்களுக்கு 12,150 லிட்டர். ஒரே லாரி என்றால் ஆளுக்கு 100 லிட்டர்தான்; முதல் மாதமே அது நடக்காது.

முதலில் கசிவைத் தேடுங்கள். இரவு 11 மணிக்கு மோட்டாரை நிறுத்திவிட்டு மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிகாலை 4 மணிக்கு மறுபடி அளந்து பாருங்கள். 3 மீட்டருக்கு 2 மீட்டர் தொட்டியில் 1 செ.மீ. இறங்கினால் 60 லிட்டர். எல்லோரும் தூங்கும் நேரத்தில் 8, 10 செ.மீ. இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. மறுநாள் இரவு, வீடுகளுக்கு இறங்கும் வால்வுகளை மூடிவிட்டு அளந்து பாருங்கள். அப்போதும் இறங்கினால் தொட்டியில் விரிசல், அல்லது வால்வு சரியாக மூடவில்லை. தரைக்கடியில் உள்ள சம்ப் தொட்டியையும் அளக்க மறக்காதீர்கள். தண்ணீர் வரும் குழாயை அடைத்த பிறகும் அதில் மட்டம் ஏறினால் வெளிநீர் ஊறுகிறது, கழிவுநீராகவும் இருக்கலாம். அந்தத் தண்ணீரைக் குடிக்க, சமைக்க எடுக்காமல் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

வீடுகளுக்குள் ஒழுகினால் முதல் சந்தேகம் ஃப்ளஷ் டேங்க் மீதுதான். சத்தமே இல்லாமல் நாளுக்குப் பல குடம் போய்விடும். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை அதில் விட்டு, 20 நிமிடம் ஃப்ளஷ் செய்யாமல் இருங்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால் அடியிலுள்ள ரப்பர் வாஷர் போய்விட்டது. உப்புநீரில் சுண்ணாம்பு படிந்து வாஷர் சரியாக உட்காராது. சுரண்டிப் பார்த்து, முடியாவிட்டால் மாற்றுங்கள். 10 லிட்டர் பழைய டேங்குக்குள் ஒரு லிட்டர் பாட்டிலில் நீர் நிரப்பி நிறுத்தலாம். ஆளுக்கு ஐந்து முறை என்றாலும் 90 பேருக்கு நாளுக்கு 450 லிட்டர் மிச்சம். செங்கல் வேண்டாம், கரைந்து வால்வை அடைக்கும்.

ஏரேட்டரை சிங்க், வாஷ்பேசின் குழாய்களுக்கு மட்டும் வாங்குங்கள், நிமிடத்துக்கு 3 லிட்டர் அளவில். வாளி நிரப்பும் குழாயில் மாட்டிப் பயனில்லை: வாளிக்கு அதே தண்ணீர்தான், நேரம்தான் கூடும். மாதம் ஒருமுறை வலையைக் கழற்றி எலுமிச்சைச் சாற்றில் அரைமணி ஊறவையுங்கள். இல்லாவிட்டால் உப்பு அடைத்து, எரிச்சலில் கழற்றி எறிந்துவிடுவார்கள்.

வீட்டுக்கு வீடு மீட்டர் வைக்கும் பேச்சு வந்தால், ஒவ்வொரு வீட்டுக்கும் எத்தனை குழாய் இறங்குகிறது என்று எண்ணிவிட்டு விலை கேளுங்கள். சமையலறைக்கு ஒன்று, குளியலறைகளுக்குத் தனித்தனி என்று மூன்று, நான்கு இருக்கும். அத்தனை மீட்டர் வேண்டும்.

கேள்வி: ஆர்.ஓ. குடிநீர்ச் சுத்திகரிப்பான் வெளியேற்றும் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றலாமா?

பதில்: தொட்டிச் செடிக்கு வேண்டாம், உப்பு மண்ணில் தங்கி இலை நுனி கருகும். வீடு துடைக்க, கழிப்பறை கழுவ எடுங்கள்.