கையால் சுற்றிவிட்டால்தான் ஓடும் ஃபேன்

கேள்வி: பீடி சுற்றித்தான் குடும்பம் நடக்கிறது. கவர்மென்ட் கொடுத்த டேபிள் ஃபேன் கையால் சுற்றிவிட்டால்தான் ஓடுகிறது. மிக்ஸியில் தீய்ந்த வாடை வருகிறது, பாதியில் நின்றும் போகிறது. பெரியவள் பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்த லேப்டாப்பைத்தான் சின்னவன் காலேஜுக்கு வைத்திருக்கிறான். திறக்கவே கால்மணி நேரம், தேதியும் ஒவ்வொரு தடவையும் பழைய வருஷத்துக்குப் போய்விடுகிறது. பழைய டிவியில் படம் போய் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் நிற்கிறது. என் போனின் பின்மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு இருக்கிறது. கையில் 1,500 ரூபாய் இருக்கிறது. எல்லாவற்றையும் எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டுத் தவணைக்குப் புதுசு எடுங்கள், கரண்ட் பில்லும் குறையும் என்கிறார் கடைக்காரர். எடுக்கலாமா?
— வாசகி, முக்கூடல்

பதில்: எடுக்க வேண்டாம். கரண்ட் பில் கணக்கையே பாருங்கள். டேபிள் ஃபேன் சுமார் 50 வாட். தினம் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 30 யூனிட். கடையில் காட்டும், குறைந்த கரண்டில் ஓடும் பிஎல்டிசி சீலிங் ஃபேன் 30 வாட் என்றால் 18 யூனிட். மிச்சம் 12 யூனிட்தான். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். உங்கள் வீட்டு ரீடிங் நூறுக்குள் அடங்குகிறது என்றால், அந்த 12 யூனிட்டால் உங்களுக்கு ஒரு பைசாகூட மிஞ்சாது. வாரச் சம்பளக்காரர்களுக்கு மாதத் தவணை சரிப்படாது என்பது வேறு விஷயம்.

முதல் செலவு போனுக்கு. பின்மூடி தூக்குகிறது என்றால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. செல்லுக்குள் வாயு சேர்ந்துவிட்டது. இன்றோடு சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். மூடியை அழுத்தி ரப்பர் பேண்ட் போடுவது, ஊசியால் குத்திக் காற்றை இறக்குவது இரண்டும் தீயில் போய் முடியும். உங்கள் வீட்டில் காய்ந்த பீடி இலையும் தூளும் எப்போதும் இருக்கும். சுளகுக்குப் பக்கத்தில் அந்தப் போனை வைக்கவே கூடாது. அணைத்து, மூடியில்லாத எவர்சில்வர் பாத்திரத்தில் தனியாக வையுங்கள். கடைக்குப் போகுமுன் அதில் ஆண்ட்ராய்டு எத்தனை என்று மகனுக்கு நினைவிருக்கிறதா கேளுங்கள். 5-க்குக் கீழே என்றால் வாட்ஸ்அப் ஓடாது, அதற்குப் புது பேட்டரி தண்டச் செலவு. அதற்கு மேலே என்றால் மாற்றலாம். பெரும்பாலான மாடல்களுக்குக் கூலியோடு 500 முதல் 800 ரூபாய்க்குள் முடியும். பழைய பேட்டரியைக் கடையிலேயே ஒப்படைத்துவிடுங்கள், பழைய இரும்பு வாங்குகிறவரிடம் போடாதீர்கள்.

இனி ஃபேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு இறக்கையை விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். நாலைந்து சுற்று லேசாகச் சுற்றி நின்றால் பழுது கெப்பாசிட்டரில். இறுகலாக உடனே நின்றால் புஷ், அதாவது நடுத்தண்டு (ஷாஃப்ட்) சுற்றும் வளையம், எண்ணெய் இல்லாமல் காய்ந்திருக்கிறது. இன்னொரு சோதனையும் உண்டு: விடியற்காலை நன்றாக ஓடி, சாயங்காலம் ஏழு மணிக்கு மட்டும் திணறினால் குற்றம் ஃபேனில் இல்லை, லோ வோல்டேஜ். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் மோட்டாரின் இழுவை கிட்டத்தட்ட 60 சதவீதமாக இறங்கிவிடும். அதற்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987 எண்ணில் புகார் சொல்ல வேண்டும், கடைக்காரருக்குக் காசு கொடுக்கக் கூடாது.

கெப்பாசிட்டர் என்பது தீப்பெட்டி அளவில் இரண்டு ஒயர் வைத்த கறுப்பு அல்லது வெள்ளை டப்பா. மோட்டாருக்குத் தொடக்க உந்துதல் கொடுப்பது அதுதான். வருஷக்கணக்கில் சூட்டிலும் வோல்டேஜ் ஏற்றத்தாழ்விலும் அதன் அளவு குறைந்துகொண்டே வரும். மேலே எம்எஃப்டி என்று ஓர் எண்ணும், 440 வோல்ட் ஏசி என்றும் அச்சடித்திருக்கும். அதே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். "பெருசா போட்டா வேகமா ஓடும்" என்று 2.5 இருந்த இடத்தில் 4 மாட்டிவிடுகிற ஆட்கள் உண்டு. மோட்டாரின் கம்பிச்சுருள் சூடேறி ஒரு கோடைகூடத் தாங்காது. விலை ஐம்பது ரூபாய் சுற்றுவட்டம். பழையதைத் தொடுமுன் பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரால் இரண்டு ஒயர் முனையையும் சேர்த்துத் தொட்டுவிடுங்கள், மிச்சக் கரண்ட் இறங்கிவிடும். ஒயரை எந்தப் பக்கம் மாற்றிக் கொடுத்தாலும் வேலை செய்யும். இன்சுலேஷன் டேப் மட்டும் தாராளமாகச் சுற்ற வேண்டும்.

புஷ் என்றால் செலவு இன்னும் குறைவு. முன்கூட்டைக் கழற்றி, இறக்கையைப் பிடித்திருக்கும் மூடியை வலப்பக்கமாகத் திருகுங்கள். பெரும்பாலான டேபிள் ஃபேனில் அதன் மரை தலைகீழ், வழக்கம்போல இடப்பக்கம் திருகினால் இறுகி உடையும். ஷாஃப்டில் தூசியும் பீடித்தூளும் பழைய எண்ணெயோடு சேர்ந்து மை மாதிரி ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு தையல் மெஷின் எண்ணெய் முன்னால் இரண்டு சொட்டு, பின்னால் இரண்டு சொட்டு. தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். முதல் வாரம் ஓடும், பிறகு பிசினாகி முன்பைவிட மோசமாகப் பிடித்துக்கொள்ளும். கம்பிக்கூட்டைத் தொட்டால் விறுவிறுக்கிறது என்றால் மட்டும் நீங்கள் கை வைக்க வேண்டாம். மோட்டார் ரீவைண்டிங் கடைக்குப் போகட்டும்.

மிக்ஸி பாதியில் நிற்பது பல சமயம் பழுதே இல்லை. அடியில் சிவப்பு ஓவர்லோடு பட்டன் இருக்கும்; கால்மணி நேரம் ஆறவிட்டு அதை அமுக்குங்கள். முழு மஞ்சளையும் மல்லியையும் ஜார் நிறையப் போட்டு ஓட்டினால் எந்த மிக்ஸியும் நிற்கும், அதை மில்லில் திரித்துக்கொள்ளுங்கள். சட்னிக்கே வாடையும் உள்ளே நீலப் பொறியும் வந்தால், மோட்டார் சுழலிக்குக் கரண்ட் கொடுக்கும் இரண்டு கார்பன் கட்டைகள் தேய்ந்திருக்கின்றன. இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும். மோட்டார் சுழலியில் கார்பன் உரசும் செம்புப் பட்டை கறுத்திருந்தால் சீரோ நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புதுக் கார்பனும் சீக்கிரம் கரையும். மோட்டார் இரைந்தும் பிளேடு சுற்றாவிட்டால், ஜாரை மோட்டாரோடு பூட்டும் கப்ளரின் பல் போயிருக்கிறது. அடியில் ஷாஃப்டைப் பிடித்துக்கொண்டு, மோட்டார் சுழலும் திசையிலேயே கப்ளரைத் திருகினால் கழலும். 2011-க்குப் பிறகு வந்த விலையில்லா மிக்ஸியும் ஃபேனும் ஊர் முழுக்க இருப்பதால் உதிரிக்குப் பஞ்சமில்லை.

லேப்டாப்பில் தேதி மாறுவது அற்பமாகத் தெரியும், ஆனால் பையனுக்குப் பெரிய தொல்லை அதுதான். தேதி தப்பாக இருந்தால் ஸ்காலர்ஷிப் தளம், பேங்க் தளம் எதுவும் திறக்காது. பாதுகாப்புச் சான்றின் தேதி பொருந்தவில்லை என்று மறுக்கும். உள்ளே இருக்கும் சிஆர் 2032 பட்டன் செல் தீர்ந்திருக்கிறது. முப்பது, நாற்பது ரூபாய். சில மாடல்களில் அது ஒயரோடு பிளாஸ்டிக் உறை போட்டு வரும், அதே மாதிரி கேட்க வேண்டும்.

மெதுவாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் சுழலும் ஹார்ட் டிஸ்க். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் எப்போதும் 100 சதவீதத்தில் நின்றால் சந்தேகமே வேண்டாம். டக் டக் என்று சத்தமும் வந்தால் இன்றே ரெக்கார்டு, புராஜெக்ட் எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றிவிடச் சொல்லுங்கள். அதற்குப் பதில் சுழலும் பாகமே இல்லாத டிஸ்க்கான 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி, 256 ஜிபி போதும். ஆனால் அது உங்கள் 1,500-க்குள் இப்போது அடங்காது. போன், ஃபேன், மிக்ஸி, பட்டன் செல் போக மிஞ்சுவதை அதற்கென்று எடுத்துவையுங்கள். அதுவரை ராம் கூட்டச் சொன்னால் கேட்காதீர்கள், டிஸ்க்கை மாற்றாமல் ராம் போட்டுப் பெரிய பலன் இல்லை. எஸ்எஸ்டி போடும் அன்று விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ ஏற்றிவிடலாம், இலவசம். விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது, விண்டோஸ் 11 இந்த வயது மெஷினுக்கு முறைப்படி ஏறாது. சார்ஜர் மாற்ற நேர்ந்தால் வோல்ட் அச்சாக ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, குறையக் கூடாது.

டிவியில் நடுக்கோடு என்றால், படத்தை மேலும் கீழும் விரிக்கும் வெர்டிகல் பகுதி போய்விட்டது. காரணம் ஐசி என்ற சில்லு, அல்லது ஈயம் விட்டுப்போன ஒரு பற்று. ஈயம் மட்டும்தான் என்றால் நூறு, இருநூறில் முடியும், அதற்கு மேல் கேட்டால் விட்டுவிடுங்கள். அந்தக் கோட்டோடு ஓடவிடாதீர்கள், திரையில் தழும்பு விழுந்துவிடும். பின்மூடியைப் பையன் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். சரியாகிவிட்டால், ஐப்பசி கார்த்திகையில் மலைப்பக்கம் இடி உறுமத் தொடங்கியதும் பிளக்கோடு கேபிள் ஒயரையும் சேர்த்துக் கழற்றுங்கள், இடி பெரும்பாலும் அந்த ஒயர் வழியாகத்தான் உள்ளே வரும்.